வலையிலிருந்து எடுத்த மடையான் கொக்கு ஏன் செத்தது?

மேலூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மீன் குட்டைக்கு மேலே கட்டிய நைலான் வலையில் மடையான் ஒன்று மாட்டிக்கொண்டது. காயமே இல்லை. கையில் சாதுவாக இருந்தது. பிள்ளைகள் தடவிக்கொடுத்தார்கள், வாயில் தண்ணீர் விட்டோம். கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. என்ன தப்பு செய்தோம்?"

காப்பாற்றத்தான் பார்த்தீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அது சாதுவாக இருக்கவில்லை, பயத்தில் உறைந்துபோயிருந்தது. தப்ப வழியில்லை என்றானதும் பல பறவைகள் இப்படி அசையாமல் கிடக்கும். உள்ளே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். பிடித்த சில நிமிடங்களிலேயே கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். கையிலேயே வைத்திருந்தால் அரை மணி நேரம் போனாலும் இறங்காது. உடல் சூடும் கூடும். பறவைக்கு இயல்பான சூடே 40 டிகிரியை ஒட்டித்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் கேட்கவா வேண்டும்? இந்த நிலையில் தடவிக்கொடுப்பது அதற்கு ஆறுதல் இல்லை, மேலும் பயம்தான்.

இன்னும் இரண்டு விஷயம். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்க உதவும் தசை) கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. மார்பை இறுக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் மூச்சு முட்டிவிடும். அப்புறம் தண்ணீர். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. நாம் ஊற்றுவது நேரே உள்ளே இறங்கிவிடலாம். எனக்கு அதன் மேல்தான் சந்தேகம் அதிகம்.

வலையில் நெடுநேரம் போராடிய பறவைக்குத் தசையே சிதையும். கால் நீண்ட பறவைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். பறந்து போன பறவைகூட இரண்டொரு நாள் கழித்துச் சாகலாம்.

அடுத்த முறை, முதலில் ஒரு துண்டால் தலையை மூடுங்கள். கண் மறைந்தாலே துடிப்பு பாதி அடங்கும். மடையான் சட்டென்று கண்ணைக் குத்தும், முகத்துக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். வலையை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். காயமில்லை, நன்றாக நிற்கிறது என்றால் அங்கேயே வரப்பில் விட்டுவிட்டு எல்லோரும் விலகிவிடுங்கள், போட்டோ வேண்டாம். சிறகு தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நிழலில் வைத்து, வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி அது குற்றம்.

வலையையும் கவனியுங்கள். தொய்ந்து தொங்கும் வலையில்தான் கால் சிக்கும். விறைப்பாக இழுத்துக் கட்டி, காலையும் சாயங்காலமும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.