தொட்டியில் வைத்த கறிவேப்பிலை ஒற்றைக் குச்சியாகவே நிற்கிறதே, ஏன்?

தாளிப்புக்கு இலையை மட்டும் உருவி எடுக்கிறீர்கள், அதுதான் பெரும்பாலும் காரணம். நுனி மொட்டு இருக்கும்வரை பக்க மொட்டுகளை எழவிடாது. இனி நுனியோடு சேர்த்து, ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். சில வாரத்தில் பக்கத் துளிர் வரும். பூங்கொத்து தெரிந்தாலும் கிள்ளிவிடுங்கள். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது.

இலைமேல் பறவை எச்சம்போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் குனிந்து பாருங்கள். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்புபோல நீட்டும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தானே! வளர்ந்து பச்சையாகிவிட்டால் கண்ணுக்கே படாது, சின்னச் செடியை மொட்டையடித்துவிடும். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள், குழம்பில் போடுகிற இலை. நான் கையால் எடுத்து எங்கள் எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுவேன்.