மாத்திரை இல்லாத மாற்றுக் கிட்னி

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருந்து கிட்னி கெட்டுப்போனது. இரண்டு வருடம் முன்பு என் கிட்னியைக் கொடுத்தேன். அன்றிலிருந்து காலை எட்டு, ராத்திரி எட்டு என்று மாத்திரை. அமெரிக்காவில் மூன்று குழந்தைகள் மாத்திரையே இல்லாமல் இருப்பதாகப் படித்தேன். இவனுக்கும் செய்யலாமா? - ஒரு தாய், தேனி

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான் அம்மா. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட செய்தி அது. குழந்தைகளின் கிட்னியைப் பார்த்தே தலை நரைத்த எனக்கு, அதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

அந்த மூவருக்கும் இருந்தது ஷிம்கே என்ற மிக அரிய மரபணு நோய். உயரம் வளராது, நோய் எதிர்ப்புச் சக்தி தேறாது, கிட்னியும் செயலிழக்கும். முதலில் அப்பா அல்லது அம்மாவின் ஸ்டெம் செல்களை, அதாவது எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்களைச் செலுத்தினார்கள். பெற்றோர் பாதிதான் பொருந்துவார்கள்; அந்தச் செல்களோடு வரும் சிலவகை டி செல்கள் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள்) பிள்ளையின் உடம்பையே தாக்கும். அவற்றை வடிகட்டி எடுத்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். சில மாதங்களில் பிள்ளையின் உடம்பைக் காப்பது பெற்றவரின் ரத்த அணுக்கள் என்றாகிவிட்டது. அப்புறம் அதே பெற்றவரின் கிட்னி. காவல் காக்கும் அணுக்களுக்கு அது தெரிந்த முகம், அதனால் விரட்டவில்லை. உங்கள் மகன் சாப்பிடுவது, அப்படி விரட்டாமல் அணுக்களை அடக்கிவைக்கும் மாத்திரை; அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு? நான் பரிந்துரைக்க மாட்டேன். புது மஜ்ஜை பிடிக்க வேண்டுமென்றால் பழையதைக் கடும் மருந்தால் அழிக்க வேண்டும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமிகூட உயிரைக் குடிக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே பழுது. மஜ்ஜை மாற்று எப்படியும் தேவைப்பட்டது. உங்கள் பையனுக்குக் கெட்டது கிட்னி மட்டும்தான். நன்றாக இருக்கும் மஜ்ஜையை எதற்கு அழிப்பது?

முன்பு என்னிடம் வந்த ஒரு பையன் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி, அம்மா திரும்பியதும் ஜன்னல் வழியே துப்பிவிடுவான். ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறி, முகம் வீங்கி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அவன் அப்பா கொடுத்த கிட்னி அது. அதனால் செய்தியை நம்பி ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மாத்திரை வாயில் போனதும் தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டு வார்த்தை பேசவைத்துவிட்டு நகருங்கள்.