அரையாண்டு லீவில் பிள்ளைகளை வைத்து, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் பிரிண்டரிலும் என்னென்ன பரிசு செய்யலாம்?

நாங்கள் இருப்பது ராமேஸ்வரத்துக்கு அருகே, மண்டபம் ஊர்ப் பக்கம். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பின்னாலேயே பொங்கல் என்று வரிசையாக வந்துவிடும், எல்லாவற்றுக்கும் சொந்தபந்தத்தில் யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். வருஷாவருஷம் பிள்ளைகளை வைத்துத்தான் செய்கிறோம். அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நெட்டில் கிடைக்கிற டெம்ப்ளேட்டை இறக்கி, பெயரை மட்டும் மாற்றிப் பிரிண்ட் போடாதீர்கள். பாம்பனில் இருக்கிற அம்மாச்சிக்குப் பனிமனிதன் போட்ட கார்டு எதற்கு? பிள்ளை கையால் வரைந்தது ஒன்று, நம் ஊர்ப் பொருள் ஒன்று, இவை முதலில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் அதை அடுக்கிக் கொடுக்கும், பிரிண்டர் பத்துப் பேருக்கு எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான் அவற்றின் வேலை.

எங்கள் வீட்டில் அதிகம் எடுபட்டது காலண்டர். கடைக் காலண்டர் வீட்டுக்கு நாலு வந்துவிடுமே என்று நினைப்பீர்கள், சரிதான், ஆனால் அதில் இல்லாததை இதில் போடலாம். மாமா விசைப்படகுக்குப் போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளையும் பிள்ளைகளை ஒரே நிறத்தில் அடைக்கச் சொல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமி, வீட்டில் எல்லோருடைய பிறந்தநாள், கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ கந்தூரியோ எது உண்டோ அது. அப்புறம் தாத்தாவிடம் உட்கார வைத்து, வாடைக் காற்று எப்போது தொடங்கும், கச்சான் காற்று எப்போது அடிக்கும், எந்த மாதம் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) என்ன மீன் படும், தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) என்ன படும் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு மதியம் முழுக்க அதிலேயே ஓடிவிடும், அவர் சொல்லச் சொல்ல சீலா, விளமீன், கணவாய், நண்டு என்று மாதத்துக்கு ஒரு படம் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவிடும். அந்தக் காலண்டரை யாரும் பரணில் போட மாட்டார்கள்.

காலண்டருக்குக் கட்டம் போட லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற மென்பொருள் போதும், இலவசம். ஏழு கட்டம் அகலம், கிழமைத் தலைப்போடு சேர்த்து ஏழு வரிசை வையுங்கள், ஏனென்றால் சில மாதம் ஆறாவது வாரத்தைத் தொட்டுவிடும். தேதிகளைப் பிள்ளைகளே அடிக்கட்டும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் தெளிவாக இருக்கும், தலைப்புக்குக் கொழுகொழு எழுத்து வேண்டுமானால் பாலூ தம்பி.

அடுத்தது ஸ்கேனர். வீட்டில் இருப்பது ஆல் இன் ஒன் பிரிண்டர் என்றால் அந்தக் கண்ணாடி மேல் காகிதம் மட்டும்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பனையோலைக் கொட்டானை (சின்ன ஓலைப் பெட்டி) அதன் மேல் வைத்து, மூடியை மூட முடியாததால் மேலே ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி ஸ்கேன் செய்து பாருங்கள். ஓலையின் நார், சாயம் ஏறிய இடம், பின்னல் மாறுகிற மூலை எல்லாம் அப்படியே விழும். அதை A4 தாளில் பிரிண்ட் எடுத்தால் அருமையான பரிசு சுற்றும் தாள். சோழி, சிப்பியையும் இப்படி வைக்கலாம், ஆனால் நம் கடற்கரை மணல் ஒரு பொடி இருந்தாலும் கண்ணாடி கீறிவிடும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, கண்ணாடி மேல் ஒரு தெளிவான ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) விரித்து அதன் மேல் வையுங்கள். பவளப்பாறைத் துண்டு கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்க வேண்டாம், அது வனவுயிர்ச் சட்டப்படி குற்றம், பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியே வளர்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒற்றைத் தாள் புத்தகம் நல்லது. ஒரு A4 தாளைப் படுக்கை வாட்டில் மேலே நான்கு, கீழே நான்கு என எட்டுக் கட்டமாகப் பிரியுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து 6, 7, 8, 1, மேல் வரிசையில் தலைகீழாக 5, 4, 3, 2. பிரிண்ட் எடுத்து எட்டாக மடித்து விரித்து, நடுக்கோட்டில் நடு இரண்டு கட்ட அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். தாளை நீளவாட்டில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் வெட்டிய இடம் விரிந்து எட்டுப் பக்கப் புத்தகம் தானாக எழுந்து நிற்கும். ஒரு குட்டி நண்டின் கதை அதற்குள் அடங்கும். பிரிண்ட் கொடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருப்பதை எடுத்துவிட்டு அசல் அளவில் கொடுங்கள், இல்லாவிட்டால் மடிப்பும் கட்டமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஓரத்தில் பிரிண்டர் கொஞ்சம் வெள்ளை விடும், எழுத்தை அதுவரை கொண்டுபோக வேண்டாம்.

துபாயில், சவுதியில் இருக்கிற அப்பாவின் படத்தைச் சேர்க்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 4க்கு 6 அங்குலத்தில் பளிச்சென்று வர 1200க்கு 1800 பிக்சலாவது வேண்டும்.

கடலோரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஈரக்காற்று. தாள் கட்டைத் திறந்து வெளியில் வைத்தால் நமுத்துப்போய், பிரிண்டரில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து இழுக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்து, தேவைக்கு மட்டும் எடுங்கள். கலர் பிரிண்ட் காய நேரம் கொடுத்த பிறகே மடியுங்கள். பிள்ளைகள் பிரிண்டின் மேல் கலர் அடிப்பதாக இருந்தால் க்ரேயான் கொடுங்கள், ஸ்கெட்ச் பேனாவின் ஈரம் பட்டால் இங்க்ஜெட் கறுப்புக் கோடு பல வீட்டுப் பிரிண்டரில் கலங்கிவிடும். கோட்டுப் படத்தை ஜெராக்ஸ் எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் பிரிண்டரே இல்லையென்றாலும் பரவாயில்லை, பெரும்பாலும் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கும். கோப்பை வேர்டாகக் கொண்டுபோகாமல் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள், அங்கே உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வரிகள் இடம் மாறிவிடும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) உள்ள கெட்டித் தாள் கேட்டு வாங்குங்கள், காலண்டருக்கும் கார்டுக்கும் அதுதான் நிமிர்ந்து நிற்கும்.