ஜெல்லி மீன் வேறு கடலுக்கு எப்படிப் போகிறது? போனதைத் திரும்ப எடுக்க முடியுமா?

கேட்டவர் கருங்கடலை மனத்தில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். அமெரிக்கக் கரையோரத்து உயிரி ஒன்று அங்கே போய் நெத்திலியையே காலி செய்துவிட்டதாமே, அவ்வளவு தூரம் அது எப்படி நீந்தியது என்கிறார். நீந்தவில்லை. கப்பல்கள் கொண்டுபோய் விட்டன. நான் பன்னிரண்டு வருடமாகச் சரக்குக் கப்பலில் இருக்கிறேன், இப்போது சீஃப் ஆபீசர். கப்பல் நிலையாக நிற்க டேங்குகளில் ஏற்றும் பேலஸ்ட் தண்ணீர் என் பொறுப்பில் வருவது. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த உயிரியின் பெயர் நீமியோப்சிஸ் லீடியை. ஜெல்லி மீன் என்று எல்லோரும் சொன்னாலும் இது உண்மையில் சீப்பு ஜெல்லி என்கிற வேறு இனம். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சொறி என்போமே, வலையோடு ஏறி வந்து கையில் பட்டால் தடித்து எரியுமே, அது வேறு. இது கொட்டாது, சொறியாது. கையில் எடுத்தால்கூட ஒன்றும் செய்யாது. எடுக்க முடிந்தால்தானே!

2019 ஆகஸ்டில் ருமேனியாவின் கான்ஸ்டான்சா துறைமுகத்தில் கோதுமை ஏற்றக் காத்திருந்தோம். இரவு வாட்சில், கப்பலில் ஏறி இறங்கும் கேங்வே படி பக்கம் நின்றபோது, கப்பலைக் கட்டிய கயிறு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும் இடத்தில் பச்சையும் நீலமுமாக ஏதோ மின்னி மறைந்தது. விடிந்ததும் வாளியில் கயிறு கட்டி இறக்கி ஒரு வாளி தண்ணீர் மொண்டேன். முதலில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. வாளியை வெயில் பக்கம் திருப்பியதும் உள்ளே நாலைந்து உருவங்கள். ஒவ்வொன்றும் கொய்யாக்காய் அளவு, கண்ணாடி போல. உடம்பில் மேலிருந்து கீழாக எட்டு வரிசை நுண்மயிர்கள், சீப்புப் பல் மாதிரி. அவை அசைய அசைய ஒவ்வொரு வரியிலும் வானவில் ஓடியது. உள்ளங்கையைக் குழித்து ஒன்றைத் தூக்கினேன். விரலிடுக்கில் துண்டு துண்டாக வழுகிப் போய்விட்டது. நுங்குக்குக்கூட ஓர் உடம்பு உண்டு, இதற்கு அதுவும் இல்லை. ஃபார்மலினில் போட்டால் கரைந்துபோகும் என்பதால் ஆராய்ச்சிக்காரர்களே இதைப் பாட்டிலில் பாதுகாக்கச் சிரமப்படுகிறார்கள்.

தொட்டால் உடைகிற இந்த ஜந்துதான் மூன்று நான்கு கடல்களின் மீன்வளத்தை ஆட்டிவைத்தது.

அது எப்படி என்றால், முதல் காரணம் சாப்பாடு. இதன் வாய்ப்பக்கத்தில் இரண்டு பெரிய மடல்கள். அவற்றுக்கு நடுவே தண்ணீரை மிக மெதுவாக இழுக்கும். அந்த ஓட்டம் அவ்வளவு மென்மையானது என்பதால், சின்ன அதிர்வுக்கே துள்ளி ஓடும் நுண்ணிறால் வகைகள்கூடத் தாங்கள் இழுபடுவதை உணர்வதில்லை. மீன் முட்டை, மீன் குஞ்சு, மீன் தின்னும் மிதவை உயிரிகள் எல்லாம் உள்ளே போகும். இரண்டாவது, இனப்பெருக்கம். ஒரே உடம்பில் ஆணும் பெண்ணும். துணையே இல்லாமல் தன் முட்டையைத் தானே கருவுறச் செய்யும். பிறந்து இரண்டு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும், நல்ல தீனி கிடைத்தால் நாளைக்கு ஆயிரக்கணக்கில். ஒரே ஒன்று பிழைத்துப் போய்ச் சேர்ந்தாலும் ஒரு கூட்டத்துக்கு அதுவே போதும்.

மூன்றாவது, பட்டினி. தீனி இல்லாவிட்டால் இது செத்துப்போவதில்லை, சுருங்கும். தன் உடம்பையே செலவழித்து வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். காயப்படுத்திப் பட்டினி போட்டால் வளர்ந்த உயிரியே திரும்பவும் குஞ்சுப் பருவத்து உருவத்துக்குப் போய்விடுவதை நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் 2024ல் காட்டினார்கள். அதே ஆண்டு இன்னோர் ஆய்வு: காயம்பட்ட இரண்டைப் பக்கத்தில் வைத்தால் ஒரே இரவில் ஒட்டி ஒரே உடம்பாகிவிடுகின்றன. ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கமும் சேர்ந்து சுருங்குகிறது. பகை உணர்வோடு படிக்கத் தொடங்கி, வியப்பில்தான் முடித்தேன்.

அப்புறம் கப்பல். சரக்கு இல்லாத கப்பல் கடலில் நிலையாக நிற்காது. மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், காற்றுக்கு ஆடும், புரொப்பல்லர் பாதி வெளியே தெரியும். அதனால் சரக்கை இறக்க இறக்க, அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே டேங்குகளில் ஏற்றுவோம். நான் இப்போது இருக்கும் நடுத்தர அளவுக் கப்பலிலேயே பதினைந்தாயிரம் டன்னுக்கு மேல் பிடிக்கும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற ஏற அந்தத் தண்ணீரை வெளியே விடுவோம். ஒரு ஊர்க் கடலை அள்ளி இன்னோர் ஊர்க் கடலில் ஊற்றுவது, அவ்வளவுதான். உலகம் முழுக்க ஒவ்வொரு நாளும் நடக்கிறது.

டேங்கைக் காலி செய்து உள்ளே இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் சேறு படிந்திருக்கும். டார்ச் அடித்தால் அந்தச் சேற்றில் சிப்பி ஓடு, நண்டுக் கால், பாசி. எந்த ஊர்ச் சேறு என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து ஊர்ச் சேறு ஒன்றாகக் கிடக்கும்.

அப்படித்தான் 1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலிருந்து இது கருங்கடலுக்குப் போனது. மரபணு ஆய்வுகள் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் கைகாட்டுகின்றன. 1982ல் முதலில் கண்ணில் பட்டது. ஆறேழு வருடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 1988, 1989ல் வெடித்தது. ஒரு சதுர மீட்டர் கடற்பரப்புக்குக் கீழே ஒரு கிலோவுக்கு மேல் இதுவே இருந்தது.

கருங்கடலைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். அங்கே ஏறத்தாழ 150 முதல் 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது. தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு நிரம்பியிருக்கும், மீன் வாழாது. ஆக அவ்வளவு பெரிய கடலின் மொத்த உயிர்ப் பிழைப்பும் மேலே உள்ள மெல்லிய ஓர் அடுக்கில்தான். அந்த அடுக்கில்தான் நெத்திலியும் முட்டையிடுகிறது, நீமியோப்சிசும் வந்து இறங்கியது. நெத்திலிக்கு ஓடி ஒளிய ஆழம் இல்லை.

துருக்கியின் வட கரையில் நெத்திலியை ஹம்சி என்பார்கள். சோள மாவில் புரட்டிப் பொரிப்பார்கள், சோற்றோடு சேர்த்து வேகவைப்பார்கள். குளிர்காலம் வந்தால் ட்ராப்சான், சாம்சுன் பக்கம் வீட்டுக்கு வீடு அதே வாசனை. துருக்கியில் மட்டும் 1988ல் ஏறத்தாழ 3 லட்சம் டன் நெத்திலி பிடித்தார்கள். 1990ல் அது 1 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. சாம்சுனில் எங்கள் கப்பலுக்கு வந்த வயதான ஃபோர்மேன் ஒருவர், சின்ன வயதில் அப்பாவோடு படகில் போனவர். வலை தூக்க முடியாத கனத்தோடு வரும், மேலே வந்தால் உள்ளே கஞ்சி மாதிரி வழியும், மீன் இருக்காது என்றார். அவர் அப்பா மறு வருடமே படகை விற்றிருக்கிறார். என் அப்பாவும் படகுக்காரர் என்று சொன்னேன். அதற்கப்புறம் வேலை முடியும்வரை எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

எல்லாப் பழியையும் இந்த உயிரி மேலேயே போடக்கூடாது. டான்யூப் முதலான ஆறுகள் கொண்டுவந்த உரமும் கழிவும் கடலை ஏற்கெனவே கெடுத்திருந்தன. பெரிய மீன்களைப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள், நெத்திலியையும் அளவு மீறிப் பிடித்தார்கள். கதவு திறந்திருந்த வீட்டுக்குள்தான் இது வந்தது. ஆனால் கதவைத் திறந்தவர்கள் வேறு, பட்டினி கிடந்தவர்கள் வேறு. அதுதான் எனக்கு ஆறவே ஆறாதது.

பிறகு 1997ல் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. பெரோ ஓவாட்டா என்கிற இன்னொரு சீப்பு ஜெல்லி கருங்கடலில் தென்பட்டது. பை மாதிரி உடம்பு, முழுக்க வாய். அதன் பிரதான தீனியே நீமியோப்சிஸ் மாதிரியான சீப்பு ஜெல்லிகள். அப்படியே விழுங்கும். அதுவும் கப்பல் தண்ணீரில் வந்ததாகவே நம்பப்படுகிறது. அது வந்த பின் நீமியோப்சிசின் எண்ணிக்கை இறங்கியது, மீன் முட்டைகளும் குஞ்சுகளும் மறுபடி பெருகின. கருங்கடல் ஓரளவு மூச்சுவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, அதிர்ஷ்டம். இப்படி வந்து சேரும் அடுத்த உயிரியும் நல்லதே செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காஸ்பியனுக்கு அந்த அதிர்ஷ்டம் நெடுங்காலம் கிடைக்கவில்லை. அது நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த கடல். ஆனால் 1952ல் திறந்த வோல்கா-டான் கால்வாய் வழியாகக் கருங்கடல் பக்கத்துக் கப்பல்கள் உள்ளே போகலாம். 1999ல் அங்கே நீமியோப்சிஸ் பதிவானது. அங்கே கில்கா என்ற சின்ன மீன்தான் எல்லாவற்றுக்கும் அடி. கேவியார் தரும் பெலுகா ஸ்டர்ஜனும் அதைத் தின்னும், வேறெங்கும் இல்லாத காஸ்பியன் சீல்களும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. ஈரான் கரையில் இரவில் விளக்கைத் தண்ணீருக்குள் இறக்கி, வெளிச்சத்துக்குக் கூடும் கில்காவைக் கூம்பு வலையில் தூக்குவார்கள். 1999ல் ஈரானில் ஏறத்தாழ 95,000 டன் கிடைத்தது. 2003ல் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரோவைக் கொண்டுவந்து விடலாமா என்று ஈரானில் சோதனைகள் நடந்தன. ஒரு கடலுக்குள் புது உயிரியை வேண்டுமென்றே விடுவது சின்ன முடிவா? கரையில் ஐந்து நாடுகள் இருக்கின்றன, காஸ்பியனின் உப்பு வேறு கருங்கடலைவிடக் குறைவு. விவாதம் இழுத்துக்கொண்டே போனது.

2006 வாக்கில் பால்டிக், வடகடல் பக்கமும் இது தெரியத் தொடங்கியது. 2009ல் மத்தியதரைக் கடலில் இஸ்ரேல், இத்தாலி, ஸ்பெயின் கரைகளில்.

கப்பல் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். ரோபிலீமா நோமாடிகா என்ற கொட்டும் ஜெல்லி மீன் சூயஸ் கால்வாய் வழியாகவே 1970களில் கிழக்கு மத்தியதரைக் கடலுக்குள் போனது. கோடையில் கூட்டமாக வந்து இஸ்ரேலின் மின்நிலையங்களில் கடல்நீர் இழுக்கும் வாயை அடைத்துவிடும். நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் ஜெல்லி மீன் வந்து அடைப்பது உண்டு. ஆனால் அது நம் கடலிலேயே இருப்பவை கூட்டம் சேர்வதால் வருவது, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

தடுக்க என்ன செய்கிறார்கள் என்றால், 2004ல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பில் பேலஸ்ட் தண்ணீருக்கென்று ஒப்பந்தம் போட்டார்கள். அமலுக்கு வர 2017 செப்டம்பர் ஆனது. பதின்மூன்று வருடம்! முதல் விதி, கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் தண்ணீரை மாற்றிக்கொள்ள வேண்டும். டேங்கின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு தண்ணீரை உள்ளே செலுத்தி மேல்வழியாக வழியவிடுவது ஒரு முறை. நடுக்கடலில் டெக் முழுக்கக் கடல்நீர் ஓட, பூட்ஸ் நனைய மணிக்கணக்கில் நிற்போம். கரையோர உயிரி நடுக்கடலில் பிழைக்காது, நடுக்கடல் உயிரி கரையில் பிழைக்காது என்பது கணக்கு.

நான் கேடட்டாக, அதாவது பயிற்சியில், இருந்தபோது ஒரு கப்பலில், தென் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றுக்குப் போகும் வழியில் கடல் மோசமாக இருந்தது. தண்ணீர் மாற்றவே இல்லை. வானிலையால் முடியவில்லை என்று பதிவேட்டில் உண்மையை எழுதியிருக்கலாம், அதற்கு இடம் உண்டு. மாற்றியதாக எழுதினார்கள், டேங்க் வாரியாக நேரம் போட்டு. டேங்கில் தண்ணீர் மட்டம் அளக்கும் சவுண்டிங் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தண்ணீரில் என்ன இருந்ததோ, போன இடத்தில் என்ன ஆனதோ. இன்றைக்கும் அந்த நாலு வரி எழுத்து என் கண்முன் நிற்கிறது. என் பதிவேட்டில் அப்படி ஒரு வரி வராது.

இப்போது 40, 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) துளையுள்ள வடிகட்டியும், அதற்கப்புறம் புற ஊதா ஒளியோ மின்பகுப்புக் குளோரினோ உள்ள கருவிகள் கப்பல்களில் வந்துவிட்டன. நீமியோப்சிஸ் முட்டைகூட அந்தத் துளையைவிடப் பெரியது. 2024 செப்டம்பருக்குப் பின் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்கள் இந்தத் தரத்துக்கு வந்தே ஆகவேண்டும். ஹூக்ளி மாதிரி சேற்று ஆற்றுத் துறைமுகங்களில் வடிகட்டி அடைத்து அடைத்து உயிரை எடுக்கும், ஆட்கள் அலுத்துக்கொள்வார்கள். அப்போதுதான் இந்தக் கருங்கடல் கதையைச் சொல்வேன். ஹம்சிக்குப் பதில் நெத்திலி என்று சொன்னால் நம் பையன்களுக்குச் சட்டென்று உறைக்கும்.

கேள்வியின் கடைசிப் பகுதி, வந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா. முடியாது. குடியேறிய எந்தக் கடலிலிருந்தும் நீமியோப்சிசை யாரும் அகற்றியதில்லை.

இது நமக்குத் தூரத்துச் செய்தி என்று நினைப்பவர்கள் எண்ணூர்க் கழிமுகம் போய்ப் பார்க்கலாம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிப்பி, அங்குள்ளவர்கள் காக்கா ஆழி என்பார்கள், அடிச்சேற்றை மூடிப் பாய் விரித்தது போலப் பரவிக் கிடக்கிறது. கப்பல் தண்ணீரில் வந்ததோ, கப்பல் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததோ என்கிறார்கள். போன லீவில் போயிருந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு பெரியவர் கைப்பிடி அளவு பிடுங்கிக் காட்டினார். நாரால் ஒன்றோடொன்று பின்னிக் கொத்தாக வந்தது. முன்பெல்லாம் இதே இடத்தில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போம் தம்பி, இப்போது கையை விட்டால் ஓடு கிழிக்கிறது என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.