சென்னையிலிருந்து ஒரே நாளில் ஏரிக்கரையோரமாகக் காரில் போய்வர எந்த இடம் நல்லது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் சொல்லியிருப்பது: வயதான அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், சொந்தக் கார், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு வீட்டில் வந்து படுக்க வேண்டும். வழியெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

பழவேற்காடு ஏரிதான். ஆனால் வரைபடத்தில் 'பழவேற்காடு' என்று போட்டு நேராக அந்த ஊருக்குப் போய்விடாதீர்கள். நான் முதல் முறை அப்படித்தான் போனேன். ஊர் இருப்பது ஏரியின் தென்கோடியில், தமிழ்நாட்டுப் பக்கம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. கரையை ஒட்டியே சுற்றிவர ஒரு சாலை இருக்கும் என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான், அப்படி ஒன்று இல்லை. நெடுஞ்சாலையில் போனால் ஏரி கண்ணிலேயே படாது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் சாலை கரையோரமாகக்கூட இல்லாமல் ஏரிக்குள்ளேயே போகிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை அது. உங்கள் நாளை அந்தச் சாலையில் தொடங்குங்கள், பழவேற்காடு ஊரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் நீரில் ஏரி நிரம்பிவிடும். இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியவை பூநாரைகள் (ஃபிளமிங்கோ), ஆழம் அதிகமானால் அவற்றால் நிற்க முடியாது. தண்ணீர் வடிந்து முழங்கால் அளவுக்கு வரும்போதுதான் அவை கூட்டமாக இறங்கும். மழை கொட்டித் தீர்த்த வருடம் என்றால் பொங்கல் கழித்துப் போங்கள். மே மாதத்தில் போய்விடாதீர்கள். நான் ஒரு தடவை போனேன், வடக்குப் பகுதி முழுக்க வற்றி, வெடித்த சேறும் வெள்ளை உப்புமாகக் கிடந்தது.

விடிகாலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, அப்புறம் சூலூர்பேட்டை. சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல், நல்ல நெடுஞ்சாலை. சுங்கச்சாவடிகள் உண்டு, ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள். சூலூர்பேட்டையில் டிபன் முடித்து, கழிப்பறை வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏரிக்குள் போகும் சாலையில் ஒதுங்க மரம்கூடக் கிடையாது.

சாலையில் ஏறியதும் எல்லாரும் செய்வது, முதல் பறவையைப் பார்த்த உடனே பிரேக் அடிப்பது. வேண்டாம். காலையில் நீங்கள் கிழக்கு நோக்கிப் போகிறீர்கள், சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நிற்காமல் ஸ்ரீஹரிகோட்டா சோதனைச்சாவடிக்குச் சற்று முன்பு வரை போய்த் திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் விண்வெளி மையம், அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள், அங்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் சரியில்லை. திரும்பி வரும்போது வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும். எதிரே தண்ணீரும் பறவையும் நிறத்தோடு தெரியும். இனிமேல்தான் வண்டியை உருட்டிக்கொண்டே வந்து, பிடித்த இடத்திலெல்லாம் நிறுத்த வேண்டும். இந்தச் சில கிலோமீட்டருக்கு 2 மணி நேரம் ஒதுக்கினால்கூடத் தப்பில்லை.

பைனாகுலர் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் கண்ணுக்குத் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரிதான் இருக்கும். பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கோடு முழுக்க கால்கள். பூநாரை சாப்பிடுவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கழுத்தை இறக்கி, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துக்கொள்ளும். நாக்கு பம்பு மாதிரி வேலை செய்து சேற்றுத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும், அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற அமைப்பில் பாசியும் சின்னஞ்சிறு உயிர்களும் தங்கிவிடும். நடுநடுவே நின்ற இடத்திலேயே கால்களால் மிதி மிதி என்று மிதித்துச் சேற்றைக் கலக்கும். படங்களில் பார்ப்பது போல உடம்பெல்லாம் ரோஜா நிறம் என்று எதிர்பார்க்காதீர்கள். நிற்கும்போது பெரும்பாலும் வெள்ளைதான். கூட்டம் கிளம்பும் அந்த நொடியில் இறக்கைக்குள்ளிருந்து சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் விரியும். அதைப் பார்ப்பதற்காக ஹாரன் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அவர்களில் ஒருவராக இருக்காதீர்கள், ட்ரோன் ஆசையும் வேண்டாம். இந்த ஏரி ஒரு பறவைகள் சரணாலயம்.

இன்னொன்று. வண்டியைத் தாரிலிருந்து இறக்காதீர்கள். நான் இறக்கினேன். சாலையோரம் காய்ந்து வெளுத்துக் கிடந்த தரை, மைதானம் மாதிரி இருந்தது. முன்சக்கரம் ஏறியதும் மேல்தோல் உடைந்து, உள்ளே இருந்த கருஞ்சேற்றில் பாதிச் சக்கரம் இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. வலையோடு பைக்கில் போன மூன்று பேர் நின்று, எதுவும் பேசாமல் பலகை ஒன்றைக் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் அவர்களில் பெரியவர் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "மேலதான் சார் காஞ்சிருக்கும். கீழ ஏரி இருக்குல்ல." வீட்டுக்கு வந்து சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவ ஒரு மணி நேரம் ஆனது, உப்புச் சேறு என்பதால் விட்டுவைக்கவும் முடியாது.

பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால் சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கூழைக்கடாக்கள் தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறினால் கூடுகள் தெரியும். ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து 11 மணிக்காவது தெற்கே திரும்பிவிட வேண்டும்.

அடுத்து பழவேற்காடு. மேப்பில் பக்கத்தில் போலத் தெரியும், நேர் வழி கிடையாது. நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச்சாலை வரை திரும்பி வந்து, பொன்னேரி வழியாகத்தான் போக வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தத் துண்டில் பார்க்க ஒன்றுமில்லை, பிள்ளைகள் தூங்கட்டும்.

பழவேற்காட்டில் சாப்பாடு என்றால் இறாலும் நண்டும்தான். பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்காதீர்கள், ஊருக்குள் சின்னச் சின்னக் கடைகள். விலையை முன்கூட்டியே கேட்டுவிட்டு உட்காருங்கள். சைவம் என்றால் பொன்னேரியிலேயே முடித்துவிடுவது உத்தமம்.

அப்புறம் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அவர்கள் இங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். துணி ஏற்றுமதி, வெடிமருந்துத் தயாரிப்பு எல்லாம் நடந்த ஊர். கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு, அதைத் தேடி அலைய வேண்டாம். கல்லறைத் தோட்டம் அப்படியில்லை, தொல்லியல் துறை பராமரிக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. என் பையனுக்கு அன்று பார்த்ததிலேயே பிடித்தது அவைதான், பூநாரை இரண்டாம் இடம். நேரம் இருந்தால் சின்னப் பள்ளிவாசலில் உள்ள நிழல் கடிகாரத்தையும், செம்புறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் பார்க்கலாம். ஊரில் இஸ்லாமியப் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் கிடைக்கும். மூடி கச்சிதமாக உட்காரும், அதிகம் பேரம் பேசாதீர்கள்.

மாலை 5 மணிக்குள் பாலத்தைத் தாண்டி கலங்கரை விளக்கம் இருக்கும் குப்பத்துப் பக்கம் போய்விடுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. ஏரி மேற்கே இருப்பதால் சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கலாம். வங்கக் கடற்கரைக்காரர்களான நமக்கு அது அபூர்வம்.

யாராவது வந்து படகில் கூட்டிப்போகிறேன் என்று கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கடலிலும் இறக்க வேண்டாம்.

இருட்டியதும் கிளம்புங்கள். மீஞ்சூர், எண்ணூர் வழி குறுக்கு என்று மேப் காட்டும், நம்பாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். பொன்னேரி, தச்சூர் வழியே வந்தால் 8:30 மணிக்குள் மாதவரம் வந்துவிடலாம்.

இத்தனையும் ஒரே நாளில் அம்மாவுக்கு முடியுமா என்று கேட்டால், நேலப்பட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக சூலூர்பேட்டையில் காளங்கி ஆற்றங்கரையில் இருக்கும் செங்காளம்மன் கோயிலுக்கு அவரை அழைத்துப் போகலாம். அந்தக் கோயிலின் கதவை எப்போதும் சாத்துவதில்லை என்பது வழக்கம். ராக்கெட் விடும் முன் விஞ்ஞானிகளே வந்து கும்பிட்டுவிட்டுப் போகும் கோயில் அது. முன் சீட்டையும் அம்மாவுக்கே கொடுங்கள், ஏரிச் சாலையில் அங்கே உட்கார்ந்தால்தான் இரண்டு பக்கத் தண்ணீரும் தெரியும்.