ஈசிஇ படிக்கும் மகள் மூளை ஆய்வுக்குப் போகலாமா?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஈசிஇ என்னும் மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியலில் மூன்றாம் ஆண்டில் இருக்கும் தங்கள் மகள், கேம்பஸ் நேர்காணலே வேண்டாம், ஆழ்மூளைத் தூண்டல் ஆய்வுக்குப் போகிறேன் என்று சொல்வது தங்கள் உறக்கத்தைக் கெடுத்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவர் விரும்பும் வேலை எத்தகையது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எசென்ஷியல் ட்ரெமர் என்னும் நடுக்கம், பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது அடங்கியிருந்து, தம்ளரைத் தூக்கும்போதோ கையெழுத்துப் போடும்போதோ தலைகாட்டும். மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு, மூளையின் தலாமஸ் பகுதியில் மெல்லிய மின்முனையைப் பதித்து, நொடிக்கு ஏறத்தாழ 130 மின்துடிப்புகளைச் செலுத்துகிறார்கள்; இதுதான் ஆழ்மூளைத் தூண்டல். 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் மூளை அறுவை மருத்துவர் அலிம் லூயி பெனாபிட் தொடங்கிவைத்த இம்முறையை இந்நோய்க்குப் பயன்படுத்த அமெரிக்கா 1997-இல் அனுமதித்தது. அறுவையின்போது விழித்திருக்கும் நோயாளியைச் சுருள்கோடு வரையச் சொன்னால், ரம்பப் பற்களைப் போல வரும் கோடு, மின்துடிப்பு பாய்ந்ததும் சீராகிவிடும். பார்த்தவர் மறக்க முடியாத காட்சி அது.

தங்கள் மகளை ஈர்த்திருப்பது அதற்கடுத்த கட்டம்: தூண்டும் மின்முனையைக் கொண்டே மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்வது. செலுத்தும் துடிப்பு வோல்ட் அளவு, மூளையின் அலையோ மைக்ரோவோல்ட் அளவு. தவில் முழங்கும் பந்தலில் பக்கத்தில் இருப்பவரின் முணுமுணுப்பைக் கேட்பது போன்ற வேலை. அதைப் பிரித்தெடுத்து, கை அசையத் தொடங்கும் தருணத்தைக் கண்டறிந்தால், தேவையானபோது மட்டும் தூண்டலாம். பேட்டரி நீடிக்கும், தூண்டலின் பக்கவிளைவாக வரும் பேச்சுக் குழறலும் குறையலாம். இதற்கு வேண்டிய, வேண்டாத அலைகளை வடிகட்டும் ஃபில்டர் பாடத்தைத்தான் அவர் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே பட்டப்படிப்பை மாற்ற வேண்டாம். டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங், நிகழ்தகவு, பைத்தான் ஆகியவற்றில் அவர் கைதேறட்டும். கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால், சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். படிப்புக்கு முயலலாம். அதன்பின் பிஎச்.டி. என்றால் நான்கைந்து ஆண்டுகள் உதவித்தொகையில்தான் ஓடும்; குடும்பத்தில் கடன் இருந்தால் அதை அவரிடம் மறைக்காமல் பேசுங்கள். கேம்பஸ் நேர்காணலிலும் அவர் கலந்துகொள்ளட்டும், ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை.

இந்த விடுமுறையில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இஇஜி பதிவு (தலைமேல் மின்முனைகள் வைத்து எடுக்கும் மூளை மின்னலைப் பதிவு) ஒன்றை எடுத்து, அதில் கலந்திருக்கும் மின்விநியோக இரைச்சலையும் கண்சிமிட்டலையும் அவரே நீக்கிப் பார்க்கட்டும். ஒரு மாதம் சலிக்காமல் உட்காருகிறாரா என்று பார்த்துவிட்டு, இருவரும் சேர்ந்தே என்னிடம் வாருங்கள்.