நாலு மணிக்கு மேல் அம்மா

அன்புள்ள அக்கா,

எனக்கு 36 வயது. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் இருக்கிறோம். நாலு வருஷமாக ஆர்.ஏ., அதாவது முடக்குவாதம். ஜிப்மரில் காட்டி மாத்திரை சாப்பிடுகிறேன். பகலில் எப்படியோ சமாளித்துவிடுவேன். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, சரியாக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைக்கூடத் திருகித் தர முடிவதில்லை. இவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. காலைச் சமையல் முழுக்க மாமியார்தான். முகம் கோணாமல் செய்கிறார், அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

மகள் நாலாவது படிக்கிறாள். இடுப்பு வரைக்கும் முடி. ரெட்டைச் சடை பின்ன விரல் வரவில்லை என்று போன மாதம் தோள் வரைக்கும் வெட்டிவிட்டேன். அவள் அழவில்லை. நான்தான் பாத்ரூமில் போய் அழுதேன். வாரத்துக்கு ஒரு முறை போடுகிற மாத்திரை எனக்குச் சனிக்கிழமை ராத்திரி. ஞாயிறு முழுக்கக் குமட்டலோடு படுத்துக் கிடப்பேன். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருப்பது அன்றைக்குத்தான். சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போய் எட்டு மாதம் ஆகிறது. மாமியார் திருவதிகைக்குப் போய் வேண்டிக்கொள் என்கிறார்.

நோயோடு இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நிஜமாகவா அக்கா? எப்படி?

பெயர் வேண்டாம்,
கடலூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

அந்த வரியை நான் எழுதியது சாயந்திரம் ஐந்து மணிக்கு. காலை ஆறு மணிக்கு யாராவது கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும், அதை இங்கே எழுத முடியாது.

நம் நோய்க்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. வீக்கத்தைக் கிளப்புகிற இன்டர்லூகின்-6 மாதிரியான சமாச்சாரங்கள் பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகின்றன. ராத்திரி முழுக்க அசையாமல் கிடந்த மூட்டு வேறு. அதனால்தான் விடிகாலையில் மரக்கட்டை, பதினோரு மணிக்கு மனுஷி. கஷ்டம் என்னவென்றால் நம் ஊரில் நல்ல அம்மாவுக்கும் ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அது நாலரைக்கு அடிக்கும். வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி, டிபன் பாக்ஸ் கட்டி, சடை பின்னி, எட்டு மணிக்குள் வேனில் ஏற்றிவிட்டால் அம்மா. அதற்கு மேல் செய்கிறதெல்லாம் கணக்கில் வராது. உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். பாட்டில் மூடி, சமையல், சடை. உங்கள் மேல் நீங்கள் சொல்லிக்கொள்கிற குற்றமெல்லாம் எட்டு மணிக்கு முந்தியது.

எனக்கு இது வந்தபோது மகனுக்கு இரண்டு வயது. முதல் ஒரு வருஷம் பாழாய்ப் போனது. நான் போய்க் காட்டிய ஒரு டாக்டர் மூட்டுத் தேய்மானம், எடையைக் குறையுங்கள் என்று தைலம் எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு வயதில் என்ன தேய்மானம் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷத்தில் வலது கையில் இரண்டு விரல் கோணிவிட்டது. எலும்பு அரித்தால் அரித்ததுதான், திரும்ப வளராது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் அதட்டிச் சொல்கிறேன்: யார் எந்தப் பொடியைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஜிப்மர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மகன் யூ.கே.ஜி. போகிற சமயம், ஒரு நாள் காலை. பால் பாக்கெட்டின் முனையை வெட்ட வேண்டும். விரல் வீங்கிக் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழையவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். பாக்கெட் வழுக்கி அரை லிட்டர் பாலும் தரையில். குனிந்து துடைக்க முழங்கால் விடாது. பழைய துண்டு ஒன்றைக் காலால் தள்ளித் தள்ளித் துடைத்துக்கொண்டிருந்தேன். பால் அடுப்புக்கு அடியில் ஓடிவிட்டது. நிமிர்ந்தால் வாசற்படியில் யூனிஃபார்மோடு பிள்ளை நிற்கிறான், ஒரு காலில் மட்டும் ஷூ. "நீ போய்ப் படுத்துக்கோம்மா, நான் ஸ்கூல்லேந்து வரும்போது நல்லா இருப்பல்ல, அப்ப எழுந்துக்கோ" என்றான்.

எனக்குத் தெரியாத என் கடிகாரம் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் காலையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வரியில் எழுதிவிட்டேன், கொடுத்து முடிக்க எட்டு மாதம் ஆனது. படுத்த இடத்திலிருந்தே "கடுகு பொரிஞ்சுதா" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான். அவருக்கு வந்தது எலுமிச்சை சாதம் ஒன்றுதான். பையன் இரண்டாவது முடிக்கும்வரை வாரத்தில் நாலு நாள் அதுதான் டப்பாவில் போனது. அவன் இன்றைக்கும் எலுமிச்சை சாதத்தைத் தொடுவதில்லை, அதைத் தவிர சேதாரம் ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு மேல் என்னுடையது. எங்கள் வீட்டில் சுடச்சுடப் பலகாரம் என்றால் அது ராத்திரிதான். தோசைக்கல்லின் சூட்டுக்கு விரல்கள் இளகிக் கொடுக்கும். அவன் மேடையில் ஏறி உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வான், தப்பாகச் சொன்னால் அடுத்த தோசை நிற்கும். நான் எழுதியிருந்தேனே சந்தோஷம், அதை நிறுத்துப் பார்த்தால் பெரும்பகுதி இந்த இரண்டு மணி நேரம்தான். வலி போய்விட்டது என்றோ, வலியால் நான் பக்குவப்பட்டேன் என்றோ யாராவது மேடையில் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வலி ஒன்றும் சொல்லித் தரவில்லை.

உங்கள் மாமியார் முகம் கோணாமல் செய்வது உறுத்துகிறது என்றீர்கள், புரிகிறது. கடன் ஏறுகிற மாதிரி இருக்கும். ராத்திரிச் சமையலை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரைச் சாயந்திரம் பாடலீஸ்வரர் கோயிலுக்கு அனுப்பிப் பாருங்கள். தினமும் முடியாது, முடிகிற நாளில்.

திருவதிகைக்கும் போய்விட்டு வாருங்கள், பண்ருட்டி பக்கம்தானே. நாவுக்கரசருக்கு அங்கே சூலை நோய், அதாவது தாங்க முடியாத வயிற்று வலி, தீர்ந்தது, நமக்கு ரத்தப் பரிசோதனை தொடர்கிறது, அது வேறு. அந்தக் கதையில் எனக்கு எப்போதும் மனதில் நிற்பது அக்கா திலகவதியார்தான். சமணத்துக்குப் போய்விட்டு அத்தனை வருஷம் கழித்து, வலி பொறுக்காமல் ராத்திரியில் வந்து நிற்கிற தம்பியிடம் கணக்குக் கேட்காமல் திருநீறு கொடுத்து உள்ளே கூட்டிப் போகிறார். வலிக்கிறது என்று போய் நிற்க ஒரு வாசல் வேண்டும். உங்கள் வீட்டில் அது மாமியார் என்று நினைக்கிறேன்.

சடை விஷயம். முடி வளரும். கடலூர் வியர்வைக்குத் தோள் வரைக்கும் முடி பிள்ளைக்கு நிம்மதி என்பது என் கட்சி. ஆனால் நீங்கள் அழுதது முடிக்காக இல்லை என்று தெரியும். தினமும் பத்து நிமிஷம் அவள் தலை உங்கள் கையில் இருந்தது, அது போய்விட்டது. பின்னத்தான் விரல் வேண்டும், எண்ணெய் தேய்க்க உள்ளங்கை போதும். சாயந்திரத்தில் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைத்து அவளை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடு உங்கள் கைக்கும் இதமாக இருக்கும்.

கடைசியாக உங்கள் ஞாயிற்றுக்கிழமை. வார மாத்திரை என்று எழுதியதால் மெத்தோட்ரெக்சேட் என்று எடுத்துக்கொள்கிறேன். அதைச் சனிக்கிழமைதான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள், அது எப்போதும் ஒரே கிழமை, அவ்வளவுதான். தப்பித்தவறித் தினமும் போட்டுவிடக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. நான் புதன் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன். வியாழக்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது நான் படுத்திருப்பேன், குமட்டுவதை அவன் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது கிழமையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். கூடவே தருகிற விட்டமின் மாத்திரை, ஃபோலிக் ஆசிட், சரியாகப் போடுகிறீர்களா என்பதையும் பேசுங்கள். அப்படியும் குமட்டல் அடங்காவிட்டால் அதே மருந்து ஊசியாகவும் உண்டு.

ஞாயிறு கைக்கு வந்துவிட்டால் சில்வர் பீச். வெயில் தாழ்ந்த பிறகு ஆட்டோவில் போங்கள். மணலில் நடக்க வேண்டாம், கணுக்கால் தாங்காது. நான் ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போவேன், தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும் எனக்கு. இங்கே பாண்டி கடற்கரைச் சாலையில் சாயந்திரம் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு உட்காரலாம். முதல் நாள் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நாற்காலியைப் பிரிக்க வெட்கமாக இருந்தது. ஊரே என்னைப் பார்க்கிற மாதிரி. அடுத்த வாரம் ஒரு பாட்டி பக்கத்தில் வந்து நின்று, "இது எங்கேம்மா வாங்கின, என்ன விலை?" என்று கேட்டார்.

அன்புடன்,
அக்கா